சூளை ஆறும் வரை

ஷார்ஜா தொழில்பேட்டையைத் தாண்டி முவைலா பக்கம் போனால் அந்தக் காலத்தில் வெறும் மணல்தான். கராஜுகளும் குடோன்களும் முடிகிற இடத்தில் ஒரு தகர வேலி. வேலிக்குள், தட்டையான அந்த ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு மேடு இருந்தது. புல்டோசர் வைத்து மணலைத் தள்ளி, சரளை கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கிய மேடு. அதன் சரிவில் கீழிருந்து மேலாக நீளப் படுத்திருந்தது செங்கல் சூளை. கீழே பெரிய அடுப்பு வாய். இரண்டு விலாவிலும் வரிசையாக விறகுத் துளைகள். உச்சியில் புகை போக ஒரு குட்டைக் கூண்டு. சீனாவில் இதை டிராகன் சூளை என்பார்களாம். வேலை செய்தவர்கள் பாம்பு என்றே சொன்னார்கள். "இன்னைக்குப் பாம்புக்கிட்ட டூட்டி" என்றால் சூளையடி வேலை என்று அர்த்தம்.

முதலாளி அபு காலித், அர்பாப் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள், வியாபார விஷயமாகச் சிங்கப்பூர் போனபோது ஆளுயரச் சாடிகளைப் பார்த்து மயங்கி வந்தவர். பச்சையும் தேன் நிறமும் வழிந்து உறைந்த சாடிகள். அது பூசின பூச்சு இல்லை, விறகுச் சாம்பல் பறந்து ஒட்டித் தானாக உருகியது என்று யாரோ சொன்னதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. துபாயில் எழும்பிக்கொண்டிருந்த ஓட்டல் வாசல்களில் எல்லாம் தன்னுடைய சாடிகள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜொகூரிலிருந்த சூளைக்காரர் லௌவுக்கு விசா அனுப்பினார்.

லௌ மலாயாவில் பிறந்த சீனர். ஐம்பது வயதிருக்கும். கட்டை குட்டை, முன்கோபி, கையில் எந்நேரமும் கறுப்புத் தேநீர். அவருடைய அப்பா சீனாவின் ஸ்வாட்டோவிலிருந்து கப்பலேறி வந்து, ரப்பர் தோட்டங்களுக்குப் பால் வடிக்கிற கோப்பை சுட்டுக் கொடுத்தவர். கோப்பை வாங்க வருகிறவர்களும் ரப்பர் விறகு கொண்டுவந்து போடுகிறவர்களும் தமிழர்கள். அப்படி அவருக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் அவர் வேலுச்சாமியைப் பார்த்து, "என்னா தம்பி, சாப்டாச்சாலா?" என்று கேட்டபோது, கடைசியில் ஒட்டிய அந்த மலாயா 'லா'வைக் கேட்டுத் தொழிலாளர் கேம்ப்பே சிரித்தது.

வேலுச்சாமி கூடலூர் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளியவன். எந்தக் கட்டை சீக்கிரம் பிடிக்கும், எது புகையும் என்று அவனுக்குக் கைப்பழக்கம். லௌ அவனைச் சூளையின் வலது விலாவுக்கு வைத்துக்கொண்டார். இடது விலாவுக்கு ராமநாதபுரத்துச் சோலையப்பன்.

வேலுச்சாமிக்கு வீடு என்று சொல்ல இருந்ததும் அந்த வேலிக்குள்தான். சூளைக்குப் பக்கத்தில் ஈர மண் மூடி வைக்கிற தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அஜ்மானிலிருந்து ஷேர் டாக்சி பிடித்து அவன் பெண்டாட்டி காளியம்மா வருவாள். கேம்ப்பில் பெண்களை விட மாட்டார்கள். லௌதான், "இங்க வெச்சு சமைச்சு சாப்டுலா, யாரு கேக்கப் போறா" என்று கொட்டகையைக் காட்டினார். அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து ரொட்டி தட்டுவாள். காய்ந்த மிளகாயில் கட்டச் சம்பல் இடித்துக் கொண்டுவந்திருப்பாள். நெத்தலியை எண்ணெயில் போட்டதும் பாகிஸ்தான் பட்டாணிய வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். பொழுது சாய்வதற்குள் அவள் திரும்ப வேண்டும். அந்த அரை நாள்தான் அவர்கள் குடித்தனம்.

இரண்டு பேருமே இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். கோயிலில் தாலி கட்டினார்கள். பதிவு செய்யவில்லை, அந்த நாளில் தோட்டத்து லயக் குடியிருப்பில் யார் பதிவு செய்தார்கள்? வேலுச்சாமியின் அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். காளியம்மாவின் அப்பா இலங்கைக்கு. இரண்டு அரசாங்கமும் ஆளைப் பிரித்துக்கொண்டபோது அவன் அப்பாவின் பேரோடு இந்தியாவுக்குப் போனான். அவள் நாலு மாதக் கர்ப்பமாகத் தலைமன்னார் ரயிலடியில் நின்றாள். பின்னாலேயே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றுதான் போனான். காகிதத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். கலவரம் வந்தது, கப்பல் நின்றது. மகள் பிரபாவதி பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

காளியம்மா பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு அஜ்மானில் ஓர் எகிப்துக்கார என்ஜினியர் வீட்டு வேலைக்கு வந்தாள். அது தெரிந்ததும் வேலுச்சாமி தேயிலை ஃபேக்டரியை விட்டுவிட்டு ஏஜெண்டைப் பிடித்து ஷார்ஜா வந்தான். "கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியிற தூரத்துல இருந்தா. அங்க பாக்க முடியல. இங்க வந்து பாத்தேன்" என்பான் சோலையப்பனிடம். அஜ்மான் டாக்சி ஸ்டாண்டில் முதல் தடவை அவனைப் பார்த்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. காது மடலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். தலை அவ்வளவு நரைத்திருந்தது.

மகளை அவன் பார்த்ததேயில்லை. காஸெட்டில் குரல் வரும். "நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, அம்மாவ நல்லா பாத்துக்கோங்க" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் பேசுவாள். அவனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவாள்.

எண்ணெய் விலை விழுந்த வருஷம் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காளியம்மா வந்தபோது ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை.

"என்னங்க, எங்க மேடம் ஊட்ல எல்லாம் பொட்டி கட்டுறாங்க."

"எங்க போறாங்களாம்?"

"கெய்ரோவுக்கே. இனி வர மாட்டாங்களாம். அய்யாவுக்கு வேலை கலாஸ். செப்டம்பர்ல எனக்கும் டிக்கெட் போட்டுட்டாங்க, கொழும்புக்கு. ரெண்டாவது வியாழக்கிழம பிளேன்."

வேலுச்சாமி மண் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "வேற ஊடு?" என்றான்.

"கேட்டேன். பாதி சனம் ஊருக்குப் போவுது, யாரு புதுசா ஆளு எடுப்பா?"

"அப்ப நானும் வரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு லீவு வருது காளி. ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சி. இந்தியாவுக்குப் போறதுக்குப் பதிலா அங்க வந்துட்டுப் போறேன். ஒரு மாசம் விசா குடுப்பானாம். அந்தப் பிளேன்லயே ஒண்ணா போவோம்."

அவள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அன்றைக்கு ரொட்டி கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஆபீஸ் கிளார்க் சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அரபியும் இங்கிலீஷும் தெரிந்தவர். பாஸ்போர்ட் எல்லாம் அவர் மேஜைக்குப் பின்னாலிருந்த பெட்டியில்தான் இருந்தன, சாவி அர்பாபிடம். வேலுச்சாமி போய் நின்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேட்டுப் பாத்தனான் தம்பி. மனுசன் இறங்கி வாறாரில்லை. சூளையிலை முழுக் காசும் போட்டிட்டார், இன்னும் ஒருக்காலும் எரிக்கேல்லை. கூட்டாளிமார் நக்கலடிக்கினம். எரிச்சுத் திறந்து சாடியைக் கண்ணாலை பாத்தால்தான் லீவாம்."

"எரிக்கிறதுக்கு முன்னால விட மாட்டாரா?"

"நீர் போனால் அந்தப் பக்கத்துக்கு ஆர் விறகு போடுறது? சீனாக்காரரே அதைத்தான் சொல்லியிருக்கிறார்."

லௌ மறைக்கவில்லை. "ஆமாலா, நான்தான் சொன்னேன். நீ இல்லாம நான் எரிக்க மாட்டேன். ஆனா கணக்குச் சரியா இருக்கு. எரிச்சு, ஆறவெச்சு, புதன்கிழம திறந்துடலாம். வியாழக்கிழம நீ பிளேன் ஏறு."

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு வாரம் சூளையை அடுக்கினார்கள். ஆளுயரச் சாடிகளை மூன்று பேராகச் சேர்ந்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிப்பதுபோல் பிடித்து, பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே நகர்த்தினார்கள். உள்ளே நிமிர முடியாது. வியர்வை சாடியில் சொட்டினால் லௌ கத்துவார். கடைசியில் வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசினார்கள். விறகுக்கு அட்டைப் பெட்டிக் கம்பெனிகளிலிருந்து உடைந்த பலகைகள், கப்பலில் சரக்கு வந்த மரப் பெட்டிகள். ஆணி பிடுங்கிப் பிடுங்கிச் சோலையப்பனின் கை கிழிந்தது.

சனிக்கிழமை காலையில் லௌ அடுப்பு வாயில் மூன்று ஊதுவத்தி கொளுத்தினார். ஆரஞ்சும் தேநீரும் வைத்துக் கும்பிட்டார். சோலையப்பன் பக்கத்தில் ஒரு கட்டி சூடம் ஏற்றினான். அர்பாப் தூரத்தில் நின்று பிஸ்மில்லா சொன்னார். தீ பிடித்தது.

முதல் நாள் முழுக்க அடுப்பு வாயில் மட்டும் மெதுவாக எரித்தார்கள். ஈரம் போக வேண்டும். அடுத்த நாள் தீயைக் கூட்டினார்கள். முன்பகுதி சூடேறிச் செம்மஞ்சளானதும் முதல் ஜோடித் துளைகளைத் திறந்தார் லௌ. வலது பக்கம் வேலுச்சாமி, இடது பக்கம் சோலையப்பன். அவர் "போடு" என்றால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மெல்லிய துண்டுகளை உள்ளே விட வேண்டும். புகை கறுத்துக் கிளம்பும். தெளிந்ததும் மறுபடி போடு. அந்தப் பகுதி வெள்ளையாக வெளுத்ததும் அடுத்த துளைக்கு ஏற வேண்டும். இப்படித் தீயைக் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிக்கொண்டு போகிற வேலை.

திங்கட்கிழமை காற்று நின்றுவிட்டது. செப்டம்பரில் அந்த ஊரில் அப்படித்தான். கடல் ஈரம் வந்து ஊரின் மேல் உட்கார்ந்துவிடும். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். காலையில் விறகைத் தொட்டால் வேர்த்திருந்தது. சூளை மூச்சு இழுக்கவில்லை. தீ பாதி வழியில் நின்று புகைந்தது. எவ்வளவு போட்டாலும் மஞ்சளைத் தாண்டவில்லை.

"ஈர விறகு போடாதே, போடாதேலா!" லௌ இரண்டு பக்கமும் ஓடினார். "கீழ இருக்கிற சூட்டையும் தின்னுடும்."

"காஞ்ச வெறகு எங்கண்ணே இருக்கு?" என்றான் சோலையப்பன்.

வேலுச்சாமிதான் வழி கண்டுபிடித்தான். விறகை அள்ளிக்கொண்டு போய்ச் சூளையின் கீழ்ப்பகுதி முதுகில், சுடும் செங்கல் மேலேயே பரப்பினான். ஆவி பறந்தது. காய்ந்ததை மேலே கொண்டுவந்து போட்டார்கள். ஒருவன் காயவைக்க, ஒருவன் தூக்க, ஒருவன் போட. தீ அசைந்தது. ஆனால் ஒரு முழு நாள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசித் துளையிலிருந்து லௌ இரும்புக் கம்பியால் ஒரு மண் வளையத்தை வெளியே இழுத்தார். அடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வைத்தது. தண்ணீரில் முக்கினார். சீறிக் குளிர்ந்ததும் வெயிலில் பிடித்தார். பச்சை. கண்ணாடிபோல் வழவழத்த பச்சை.

"மூடு" என்றார்.

எல்லாத் துளைகளையும் மண் வைத்து அடைத்தார்கள். சோலையப்பன் அந்த இடத்திலேயே மணலில் மல்லாந்து விழுந்தான். வேலுச்சாமி மட்டும் லௌவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புதன்கிழம திறக்க முடியாதுலா" என்றார் லௌ. அவர் குரல் இறங்கியிருந்தது. "ஒரு நாள் தள்ளிப் போச்சு. காத்தும் இல்ல, ஆறவும் நாளாவும். இப்பவே திறந்தா பச்சைக் காத்து உள்ள போவும். எல்லாம் வெடிக்கும். வெள்ளி, சனி ஆவும்."

சிவகுருநாதன் மறுபடியும் அர்பாபிடம் போனார். அந்தப் பச்சை வளையத்தையும் கொண்டுபோய்க் காட்டினார். அர்பாப் வளையத்தை வாங்கி விரலில் போட்டுப் பார்த்துச் சிரித்தார். ஆனால் சாடியைப் பார்த்த பிறகுதான் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம். எல்லாரும் கேம்ப்பில் பிணமாகத் தூங்கினார்கள். காளியம்மாவின் விமானம் சாயங்காலம். வேலுச்சாமி மேட்டில் ஏறி மேல் வாசலுக்கு முன்னால் குந்தினான். செங்கல்லில் கை வைத்தான். ரொட்டிக் கல் சூடு. தாங்க முடிகிற சூடுதானே என்று நினைத்தான். இப்போதே திறந்தால், ஒரே ஒரு சாடியை வெளியே எடுத்து அர்பாபுக்குக் காட்டினால், பெட்டியைத் திறக்க எவ்வளவு நேரமாகும்? பிரபா கொழும்புக்கு வருவாளாம், பாட்டியோடு. ஏர்போர்ட்டில் அம்மா மட்டும் வெளியே வந்தால் அவள் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

கம்பியால் மண்ணைச் சுரண்டினான். ஒரு செங்கல்லை அசைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி வெளியே இழுத்தான். உள்ளிருந்து சூடு முகத்தில் அறைந்தது. கண் பழகியதும் இருட்டில் ஒரு சாடியின் தோள் தெரிந்தது. அதில் ஏதோ மின்னியது.

டிங்.

சின்னச் சத்தம்தான். கிண்ணத்தில் நகத்தால் தட்டியதுபோல். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடி, இன்னும் உள்ளே, டிங்.

இரண்டாவது செங்கல்லில் கை இருந்தது. எடுக்கவில்லை. ஆணி பிடுங்கிய சோலையப்பனின் கை ஞாபகம் வந்ததா, இந்தச் சூளை போனால் கேம்ப்பே பெட்டி கட்ட வேண்டும் என்று தோன்றியதா, அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. எடுத்த கல்லைத் திரும்பச் செருகினான். தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த பாட்டிலை மண்ணில் ஊற்றிக் குழைத்துச் சந்து சந்தாக அப்பினான்.

பின்னால் லௌ தேநீர்க் குவளையோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"எத்தன சத்தம்?"

"ரெண்டு."

"ரெண்டு போனா போவட்டும்லா." பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குவளையை அவன் கையில் கொடுத்தார். "எங்க அப்பா ஒவ்வொரு சூளைக்கும் சொல்வாரு. இது ஆறினதும் ஊருக்குப் போறேன், அம்மாவப் பாக்கப் போறேன்னு. சூளை ஆறும், ஆர்டர் வரும், மறுபடி அடுக்குவாரு. நாப்பது வருசம். போவல."

வேலுச்சாமி குடிக்காமல் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போ, போய்ச் சொல்லிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

அஜ்மானில் அந்த வீட்டின் பின்பக்க கேட்டில் காளியம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அவன் கையில் பை இல்லை. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"சூளை ஆறல" என்றான்.

"ம்."

"ரெண்டு மூணு நாள்ல திறந்துருவோம். அப்புறம் வரேன்."

"அப்பவும் பின்னாலேயே வரேன்னுதான் சொன்னீங்க." சொன்ன உடனே அவளுக்கு முகம் வாடியது. "சரி விடுங்க. என்னமோ வாயில வந்திருச்சி."

உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டாள். காளியம்மா முந்தானையால் அவன் கழுத்திலிருந்த சாம்பலைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

"பிரபாகிட்ட என்னாத்த சொல்றது?"

"அப்பா வேலையா இருக்கேன்னு சொல்லு."

"அதத்தான் பொறந்ததுலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். இந்தத் தடவை அவள் முகம் மாறவில்லை. டாக்சி வந்தது. அவன் தெருவிலேயே நின்றான். அவள் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாளா என்று வெயில் பட்டுத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் சூளையைத் திறந்தார்கள். லௌ முதல் கல்லை எடுத்தார். ஒவ்வொரு சாடியாக வெளிச்சத்துக்கு வந்தது. கீழ்ப்பகுதிச் சாடிகளில் தேன் நிறம். மேலே போகப் போகப் பச்சை, தோளிலிருந்து வழிந்து இடுப்பில் துளித்துளியாக உறைந்து நின்றது. தீ முட்டிய பக்கம் ஒரு நிறம், மறு பக்கம் ஒரு நிறம். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சோலையப்பன் ஒரு சாடியைக் கட்டிப்பிடித்து, "யாத்தே, யாத்தே" என்றான். அர்பாப் தன் வெள்ளைக் கந்தூரா அங்கியில் சாம்பல் படுவதைப் பார்க்காமல் சூளைக்குள்ளேயே குனிந்து போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் "மாஷா அல்லா" சொல்வது எதிரொலித்தது.

மேல் வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு சாடிகள் தோளிலிருந்து அடிவரை பிளந்திருந்தன. அர்பாப் அவற்றைக் காட்டி என்னவென்று கேட்டார். வேலுச்சாமி முன்னால் வந்தான்.

"நான்தாங்க. ஆறுறதுக்கு முந்தி ஒரு கல்ல எடுத்துட்டேன். எம்மேல தப்பு."

சிவகுருநாதன் அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு அரபியில் சற்று நீளமாகவே பேசினார். அர்பாப் தலையாட்டினார். சிரித்தார். லௌவின் தோளைத் தட்டினார்.

"என்ன சார் சொன்னீங்க?" என்று வேலுச்சாமி பிறகு கேட்டான்.

"முதற்சூளையிலை ரெண்டு வெடிச்சால் யாவாரம் பெருகுமெண்டு சீனாக்காரர் நம்புறவை எண்டு சொன்னனான். நீர் சும்மா இரும்."

பெட்டி திறந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஒரு மாத லீவு, போகவர டிக்கெட். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது சிவகுருநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்டோபர் கடைசியிலை திரும்பி வந்திட வேணும். அடுத்த சூளை நவம்பரிலை. வராட்டில் அர்பாப் உம்மடை பேரை அடிச்சுப் போடுவார், இனி இந்தப் பக்கம் காலடி வைக்கேலாது. விளங்குதே?"

"விளங்குதுங்க."

கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த இடம் மஸ்கெலியா என்றிருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சுற்றிப் பார்க்க வந்தாயா என்று இங்கிலீஷில் கேட்டார். வேலுச்சாமிக்குச் சிங்களம் வாயில் வந்தது, சின்ன வயதில் டவுன் கடையில் பேசிய சிங்களம். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்றான். அவர் வேறொன்றும் கேட்காமல் ஒரு மாதத்துக்கு முத்திரை குத்தினார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம். காளியம்மாவை முதலில் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில், அவள் தோள் உயரத்துக்கு, வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண். இரட்டைச் சடை. காது மடல் அவனுடையது.

பிரபாவதி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெட்கமும் சந்தேகமும் கலந்து, கடைக்கு வந்த புது ஆளைப் பார்ப்பதுபோல். காளியம்மா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவள் குனிந்து அவன் பையின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காது அவன் கையில் இருந்தது. இரண்டு பேருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு தூறலில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். காளியம்மா பின்னால் வந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், அவனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பிரபாவதி கேட்டாள்.

"தீவாளிக்கு இருப்பீங்களாப்பா?"

அந்த வருஷம் தீபாவளி நவம்பரில் வந்தது. வேலுச்சாமி நின்றான். பையும் நின்றது. திரும்பிக் காளியம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், அவனுக்குப் பதிலாகத் தான் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல்.

"இருக்கேன்" என்றான்.

பிரபாவதி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "நெசமா?"

"நெசமா. இருக்கேன் புள்ள."

மலைநாட்டுப் பஸ்காரன் ஹட்டன், ஹட்டன் என்று கூவிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் ஏறினார்கள்.